புதிய சவரக் கத்தியைத் தீட்டும் முறை

கடையிலிருந்து வாங்கி வந்த புதிய சவரக் கத்தியை உறையினின்று எடுத்தவுடன் கன்னத்தில் வைத்து இழுப்பவருக்கு, முதல் இழுப்பிலேயே கண்ணில் நீர் வந்துவிடும். கத்தி மயிரை அறுப்பதற்குப் பதிலாகப் பற்றி இழுக்கும். தோல் சிவந்து எரியும். ஆத்திரத்தில் சற்று அழுத்தினால் கீறலும் விழும். உடனே, சரக்கு மட்டம், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டிக் கத்தியைப் பரணில் போட்டுவிடுவோர் பலர். ஆனால் பெரும்பாலும் குற்றம் கத்தியினுடையது அன்று. பட்டறையில் அதற்கு உருவமும் கடினமும் ஒருவகைக் கூரும் கொடுத்து அனுப்புகிறார்கள். சவரத்திற்கு வேண்டிய இறுதிக் கூரை வாங்கியவரே கல்லிலும் தோலிலும் தீட்டி உண்டாக்கிக்கொள்ள வேண்டும். தீட்டியே விற்போர் சிலர் உண்டு. ஆயினும் அவர்கள் அனுப்பும் கத்தியும் சில மாதங்களில் கல்லைத் தேடத்தான் செய்யும். புதிய அரிவாளைக் கொல்லுப்பட்டறையிலிருந்து வாங்கிவந்து, ஒருமுறையேனும் தீட்டாமல் அறுப்புக்கு எடுத்துச் செல்லும் உழவர் உண்டோ? அரிவாளுக்குப் பத்து நிமிடம் போதும். சவரக் கத்திக்கு முதல் முறை ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும்.

நாம் இங்குக் குறிப்பிடுவது, அலகு முழுவதும் ஒரே எஃகாலாகி, கைப்பிடிக்குள் மடங்கும் பழைய வகைக் கத்தியை. அரை பிளேடை மாட்டிப் பயன்படுத்தும் கத்தி வேறு. அதற்குத் தீட்டுவதென்பதே இல்லை.

ஒரு கத்தி, ஒரு முகம்

தீட்டும் முறைக்குப் போகுமுன், ஊராட்சி உறுப்பினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரே சவரக் கத்தி பல முகங்களில் படுவது பெருந்தீங்கு விளைக்கும். சவரத்தின்போது கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் உண்டாகின்றன. அவற்றினின்று கசியும் இரத்தம், கண்ணுக்குப் புலப்படாத அளவே ஆயினும், மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி ஆகிய கிருமிகளை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டு செல்லக்கூடும். ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தத்திலும், குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கவல்லது. எச்.ஐ.வி. தொற்று நம் நாட்டில் முதன்முதலாக 1986ஆம் ஆண்டில் சென்னையில் கண்டறியப்பட்டது. அதன் பின்னரே பொது இடங்களில் ஒரு கத்தியைப் பலருக்குப் பயன்படுத்தும் வழக்கத்தைப் பற்றி மக்கள் அஞ்சத் தொடங்கினர்.

கத்தியைக் கொதிநீரில் முக்கி எடுத்தால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. போதாது என்பதற்குக் காரணம் கத்தி மட்டும் அன்று. கைப்பிடியும் அலகும் சேரும் இடுக்கில் அழுக்குத் தங்கும். அதைவிட முக்கியமாக, கத்தியைத் தீட்டும் தோல்வார் இருக்கிறதே, அதை வேகவைக்கவும் முடியாது, மருந்தில் ஊறவைக்கவும் முடியாது. ஒருவருக்குச் சவரம் செய்த கத்தியைத் தோலில் தீட்டி அடுத்தவருக்குச் செய்தால், தோலும் கிருமிக்கு இருப்பிடமாகும். எல்லார் முகத்திலும் தேய்க்கும் படிகாரக் கட்டியும் அவ்வாறே. ஆகவே பழைய வகைக் கத்தி என்பது ஒருவர் தமக்கென்று வைத்துக்கொண்டு, தாமே தீட்டி, தமக்கே பயன்படுத்துவதற்கு உரியது. முடிதிருத்தும் தொழிலாளர்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு மாட்டுவதே முறை. அவர் கண்முன் உறையைப் பிரித்து மாட்டுவது இன்னும் நன்று. தொழிலாளரின் கைகளிலும் கீறல் விழுவதுண்டு. எனவே இது அவர்களுடைய பாதுகாப்புக்கும் உரியதே.

பிளேடு முறையினால் வரும் மற்றொரு தொல்லையை ஊராட்சிதான் தீர்க்க வேண்டும். கழிக்கப்பட்ட பிளேடுகளைக் குப்பையில் எறிந்தால், அதைக் கையால் பிரிக்கும் தூய்மைக் காவலர்களின் விரல்கள் அறுபடும். மேய்ச்சலுக்கு வரும் ஆடுமாடுகளின் வாயும் தப்பாது. கடைதோறும் மூடியில் கீற்றுப் போட்ட ஒரு தகரப் பெட்டி வைக்கச் செய்து, நிறைந்தபின் தனியே பெற்று அகற்ற ஏற்பாடு செய்வது பெருஞ்செலவான காரியம் அன்று. வீட்டில் சவரம் செய்துகொள்வோர்க்கும் இதே பெட்டி உதவும். பழைய கத்தியில் இந்தக் கழிவே இல்லை என்பது அதற்கு உள்ள ஒரு சிறப்பு.

கத்தியும் எஃகும்

எல்லா எஃகும் சவரக் கத்திக்கு ஆகாது. நூற்றுக்கு ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ கரியச் சத்துச் சேர்ந்து, சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கப்பட்ட எஃகே மெல்லிய கூரைத் தாங்கும். இங்கிலாந்தில் ஷெபீல்டும் ஜெர்மனியில் சோலிங்கனும் இவ்வகைக் கத்திகளுக்குப் பெயர் பெற்ற ஊர்கள். ஷெபீல்டின் புகழுக்கு அடிகோலியவர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி. கடிகார வில்லுக்குச் சீரான எஃகு கிடைக்காமல், 1740ஆம் ஆண்டளவில் மண் குகையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையை அவர் அங்கே வகுத்தார்.

குகையில் இட்டு எஃகு செய்யும் கலை தென்னாட்டில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தது. அவ்வெஃகை மேல்நாட்டார் 'உட்ஸ்' என்று அழைத்தனர். நம்முடைய 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' போன்ற சொற்களின் திரிபே அப்பெயர் என்பர். அறுவைக் கருவிகள் செய்துவந்த லண்டன் தொழிலாளர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இந்த எஃகை மிகவும் மெச்சினார். பின்னாளில் மின்னியலில் புகழ்பெற்ற மைக்கேல் பாரடே, கொல்லரின் மகனாதலால் இரும்பில் பற்றுள்ளவர். அவரும் ஸ்டோடார்ட்டும் சேர்ந்து உட்ஸ் எஃகை ஆராய்ந்து, அதனினும் சிறந்த கலவை எஃகு செய்ய முயன்று, 1820லும் 1822லும் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். அந்த ஆராய்ச்சியில் உருவான எஃகில் சவரக் கத்திகளும் செய்யப்பட்டன. நம் ஊர் உலைக்களத்துப் பொருள் அவர்களை இவ்வளவு தூரம் சிந்திக்க வைத்தது என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருப்பது நலம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பளபளப்பான பூ வேலைப்பாட்டைக் கண்டு மயங்க வேண்டா. மெத்தென்ற எஃகில் அழகுக்காகச் செய்து மிக மலிவாக விற்கப்படும் கத்திகள் உண்டு. எத்தனை மணி நேரம் தீட்டினாலும் அவை கூரை ஏற்கா, ஏற்றாலும் ஒரு சவரத்தில் இழந்துவிடும். கத்தியைக் கல்லின்மேல் படுக்கவைத்துப் பாருங்கள்: முதுகும் விளிம்பும் நுனி முதல் அடி வரை கல்லைத் தொட வேண்டும். ஆடினால் அலகு முறுக்கியுள்ளது, வாங்க வேண்டா.

கூர் என்பது யாது?

கத்தியின் இரு பக்கச் சரிவுகளும் சந்திக்கும் கோடுதான் கூர். அந்தக் கோடு எவ்வளவு மெல்லியதாகவும் ஒழுங்காகவும் அமைகிறதோ அவ்வளவுக்குச் சவரம் சுகமாக இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். தாடி மயிரின் தடிப்பு ஏறத்தாழ 100 மைக்ரான். நன்கு தீட்டிய சவரக் கத்தியின் விளிம்போ ஒரு மைக்ரானுக்கும் குறைவு.

இவ்வளவு நுண்ணிய வேலையைக் கையால் செய்வது எவ்வாறு என்று மலைக்க வேண்டியதில்லை. கத்தியைச் செய்தவரே அதற்கு வழி வைத்திருக்கிறார். சவரக் கத்தியின் முதுகு வெறும் அழகுக்காகத் தடித்திருக்கவில்லை. முதுகையும் விளிம்பையும் ஒருசேரக் கல்லில் படுக்கவைத்துத் தேய்த்தால், சரிவின் கோணம் தானே சரியாக அமைந்துவிடும். அலகின் அகலம் 18 மில்லிமீட்டர், முதுகின் தடிப்பு 5 மில்லிமீட்டர் என்று கொண்டால், இரு சரிவுகளும் சேரும் கோணம் ஏறத்தாழ 16 டிகிரி ஆகும். சமையலறைக் கத்தியில் இக்கோணம் 30 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது வழக்கம். அதனால்தான் காய் நறுக்கும் கத்தியைக் கையால் சாய்த்துப் பிடித்துக் குத்துமதிப்பாகத் தீட்டினாலும் காரியம் நடக்கிறது. சவரக் கத்தியின் முதுகை ஒருபோதும் கல்லைவிட்டு உயர்த்தலாகாது. உயர்த்தினால் கோணம் மழுங்கும். மீண்டும் தொடக்கத்திலிருந்து தேய்க்க வேண்டி வரும்.

தெருவில் மிதிவண்டியில் சாணைச் சக்கரம் பூட்டி வருவோரிடம் சவரக் கத்தியைக் கொடுக்கலாமா எனின், கூடாது. அவர்கள் கைத்திறன் அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் ஏற்றது. சக்கரத்தில் பொறி பறக்கும்போது, காகிதம்போல் மெலிந்த இந்த விளிம்பு ஒரு நொடியில் சூடேறும். நீல நிறம் படர்ந்துவிட்டால் எஃகு ஏறத்தாழ 300 டிகிரிச் சூட்டை எட்டிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் கடினம் போய்விடும். போன கடினம் தீட்டுவதால் திரும்பாது.

கல்லில் தீட்டுதல்

கற்களுக்கு எண் உண்டு. எண் கூடக் கூடக் கல்லின் மணி நுண்ணியதாகும். 1000 எண்ணுள்ள கல்லில் மணியின் அளவு ஏறத்தாழ 15 மைக்ரான். 8000 எண்ணில் ஏறத்தாழ 2 மைக்ரான். புதிய கத்திக்கு 1000, பிறகு 3000 முதல் 5000 வரை ஒன்று, அதன்பின் 8000 என மூன்று கற்கள் போதும். 12000 எண் கல்லும் கிடைத்தால் சவரம் மேலும் மிருதுவாகும், கிடைக்காவிட்டால் குறையொன்றுமில்லை. ஒருவர் மூன்று கற்களை வாங்குவது வீண் செலவு என்று தோன்றினால், நாலைந்து நண்பர்கள் கூடி வாங்கிக்கொள்ளலாம். கத்தியையும் தோல்வாரையும்தான் பகிரக் கூடாது. கல்லைப் பகிரலாம், கத்தியைச் சோப்பு நீரில் நன்கு கழுவித் துடைத்தபின் கல்லுக்குக் கொண்டுவருவது என்ற ஒழுங்கு இருந்தால். புதிய கத்தியானால் அந்தக் கவலையும் இல்லை.

முதலில் கல் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பென்சிலால் கல்லின்மேல் கட்டம் கட்டமாகக் கோடிட்டு, தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் நீரில் நனையும் உப்புத்தாளை விரித்து, அதில் கல்லைத் தேயுங்கள். கோடுகள் எல்லாம் ஒருசேர அழிந்தால் கல் சமம். நடுவில் கோடு நின்றால் அங்கே பள்ளம். அழியும் வரை தேய்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அரிவாள் தீட்டிக் குழிந்த பழைய கல்லில் சவரக் கத்தியை வைப்பது கத்தியைக் கெடுப்பதற்கு ஒப்பாகும்.

கல்லை நனைத்து அசையாத இடத்தில் வையுங்கள். கத்தியின் வாலைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, அலகைக் கல்லின்மேல் படுக்கவைத்து, விளிம்பு முன்னே செல்லுமாறு தள்ளுங்கள். கல்லின் மேற்படலத்தைச் சீவி எடுப்பதுபோல என்று நினைத்துக்கொள்ளலாம். கல்லின் முடிவுக்கு வந்ததும், முதுகைக் கல்லிலிருந்து எடுக்காமல் அதன்மேலேயே கத்தியைப் புரட்டி, மறுபக்கத்தை உம் பக்கம் இழுங்கள். கல் அலகைவிடக் குறுகலாயின் நேராகத் தள்ளாமல் சற்றுக் குறுக்காக, அடியில் தொடங்கி நுனியில் முடியுமாறு தள்ள வேண்டும். இரு பக்கமும் சமமான எண்ணிக்கை வேண்டும். கையின் எடைக்கு மேல் அழுத்தம் வேண்டா. உழைப்பாளியின் கை பழக்கத்தால் அழுத்தும், அதை அடக்குவதே இங்குக் கடினமான பாடம். அழுத்தினால் மெல்லிய அலகு வளைந்து, விளிம்பு கல்லை விட்டு விலகும்.

இனி இந்தத் தொழிலின் உயிர்நிலையான கட்டத்தைச் சொல்வோம். முதல் கல்லில், அஃதாவது 1000 எண் கல்லில், இரு சரிவுகளும் நுனி முதல் அடி வரை ஒரே கோட்டில் சந்தித்தாக வேண்டும். அது நிறைவேறாமல் அடுத்த கல்லுக்குப் போனால், பின்னால் செய்யும் வேலை அத்தனையும் வீண். கத்தி மளமளவென்று மின்னும்; ஆனால் மயிரை இழுக்கும். தீட்டத் தெரியவில்லை என்று சொல்வோரில் பெரும்பாலோர் இந்த இடத்தில் அவசரப்பட்டவர்களே. சரிவு அமைந்துவிட்டதா என்றறிய எளிய வழிகள் உள. தொடங்குமுன் விளிம்பின் இரு பக்கமும் அழியாத மைப் பேனாவால் மை தடவி நாலைந்து முறை தேய்த்துப் பாருங்கள். மை எங்கே நிற்கிறதோ அங்கே கல் தொடவில்லை. பிறகு, விளிம்பை மேல்நோக்கிப் பிடித்து ஒரு விளக்கின் கீழ் நேராகப் பாருங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது. மழுங்கிய இடம் வெள்ளைப் புள்ளியாக மின்னும். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் இச்சோதனை இன்னும் தெளிவாகும். கடைசியாக, முன்கையின் மயிரைத் தோல் மட்டத்தில் சிரைத்துப் பார்க்கலாம். அலகின் எல்லா இடமும் ஒரேபோல் சிரைத்தால் முதல் கல்லின் வேலை முடிந்தது. இதற்கு 50 தேய்ப்பும் ஆகலாம், 300 தேய்ப்பும் ஆகலாம். எண்ணிக்கையை நம்ப வேண்டா, சோதனையை நம்புங்கள். விரல் நுனியை விளிம்பில் நெடுக்காக ஓட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டா.

அதன்பின் வரும் கற்களின் வேலை, முந்திய கல் விட்டுச்சென்ற கீறல்களை அழிப்பது மட்டுமே. ஒவ்வொன்றிலும் 30 முதல் 50 தேய்ப்பு. முடிவை நெருங்க நெருங்க அழுத்தத்தை மேலும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு கல்லினின்று மற்றொன்றுக்கு மாறும்போது கத்தியையும் கையையும் கழுவுவது அவசியம். கரடான மணி ஒன்று நுண்கல்லில் ஒட்டிக்கொண்டால் புதிய கீறல் விழும். மிகுதியாகத் தேய்த்தால் மேலும் கூராகும் என்று எண்ணிவிடக் கூடாது. அளவு மீறினால் விளிம்பில் தகடுபோன்ற பிசிறு எழும். அது முதலில் மிகக் கூராகத் தோன்றி, சவரத்தின் பாதியில் உதிர்ந்து முகத்தைக் கீறும்.

தோலில் தீட்டுதல்

கல்லினின்று வந்த கத்தியை அப்படியே முகத்தில் வைக்கலாகாது. ஏறத்தாழ 6 முதல் 7 செண்டிமீட்டர் அகலமும் முக்கால் முழத்துக்கு மேல் நீளமும் உள்ள வழவழப்பான தோல்வார் ஒன்றும், அதே அளவில் தடித்த பருத்தித் துணிப் பட்டை ஒன்றும் வேண்டும். ஒரு முனையைச் சுவரிலுள்ள கொக்கியில் மாட்டி, மறுமுனையை இடக்கையால் விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். தோல் தொய்ந்தால் விளிம்பு உருண்டு மழுங்கும். இங்கே கத்தி செல்லும் திசை கல்லுக்கு நேர்மாறானது: முதுகு முன்னே செல்ல, விளிம்பு பின்னே வர வேண்டும். திரும்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும். விளிம்பின்மேல் புரட்டினால் தோல்தான் முதலில் அறுபடும். துணியில் 20, தோலில் 40 முதல் 60 முறை. தொடக்கத்தில் மெதுவாகவே செய்க. வேகமாகப் பட்பட்டென்று அடிப்பது பார்ப்பதற்கு வித்தையாக இருக்கலாம். அதனால் கூர் ஏறுவதில்லை. பழைய தொழிலாளர்களில் சிலர் உள்ளங்கையிலேயே தீட்டுவர். பல்லாண்டுப் பழக்கம் உள்ளவர்க்கே அது தகும்.

குரோமியம் ஆக்சைடு என்ற பச்சைப் பசையைத் தனியான ஒரு தோலில் மெல்லப் பூசி அதில் பத்து முறை தீட்டினால், 8000 எண் கல்லோடு நிறுத்தியவர்க்கும் மிருதுவான கூர் கிடைக்கும். அன்றாடம் தீட்டும் தோலில் அப்பசையைப் பூச வேண்டா.

சவரமும் பராமரிப்பும்

கூர் எவ்வளவு நன்றாயினும், உலர்ந்த தாடியில் கத்தியை ஓட்டினால் சுகம் இராது. வெதுவெதுப்பான நீரில் முகத்தைக் கழுவி, சோப்பு நுரையை 2 அல்லது 3 நிமிடம் ஊறவிட்டால் மயிர் நீரை உண்டு மென்மையாகும். தோலை மறுகையால் இழுத்துப் பிடித்து, கத்தியை முகத்திற்கு ஏறத்தாழ 30 டிகிரிச் சாய்வில் வைத்து, மயிர் வளரும் திசையிலேயே சிறு சிறு வீச்சாக இழுக்க வேண்டும். முதல் சில நாட்கள் கன்னங்களை மட்டும் செய்து, மோவாயையும் மேலுதட்டையும் பழகிய பின் தொடலாம். பருவோ புண்ணோ உள்ள இடத்தை விட்டுவிடுக.

மயிரைவிட எஃகு ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் மயிர் கத்தியை மழுக்குவது எங்ஙனம் என்பது நெடுநாள் வியப்பாக இருந்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 2020ஆம் ஆண்டில் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் மயிரை வெட்டிப் பார்த்தனர். மயிர் வளைந்து கத்தியைச் சாய்வாகச் சந்திக்கும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பு நுண்ணிய துணுக்குகளாகப் பெயர்வதைக் கண்டனர். வெறுந்தேய்மானம் மட்டும் கூரைக் கெடுப்பதில்லை என்பது அதனால் புலனாயிற்று.

துருவும் கத்தியின் பகை. கரிய எஃகு ஈரத்தில் ஓரிரவு கிடந்தால் விளிம்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும். எனவே சவரம் முடிந்ததும் கழுவித் துணியால் ஒற்றி, உலர்ந்த பின்னரே மடக்க வேண்டும். குளிக்கும் அறையில் வைக்கக் கூடாது. கடலோர ஊர்களிலும் மழைக் காலத்திலும் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் தடவுவது நலம். தேங்காயெண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும் ஆதலால் அது ஏற்றதன்று. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஒவ்வொரு சவரத்திற்கு முன்னும் தோலில் தீட்டிவந்தால், கத்தி சில மாதங்களுக்குக் கல்லைக் கேட்காது. பிறகு ஒரு நாள், அதுவரை சிரைத்த இடத்தில் இலேசாக இழுக்கத் தொடங்கும். அப்போது பதறிப்போய் 1000 எண் கல்லுக்குத் திரும்ப வேண்டா. விளிம்பில் வடு விழுந்தாலன்றி அதற்குத் தேவை இல்லை. கடைசியாகப் பயன்படுத்திய நுண்கல்லில் அழுத்தமின்றி 10 அல்லது 15 தேய்ப்பும், தோலில் வழக்கமான எண்ணிக்கையும் போதும்.